ஃபாரோ தீவுகளுக்கு இரண்டு நாள் போதாது

ஆசிரியருக்கு,

ஞாயிறு இணைப்பில் வந்த ஃபாரோ தீவுகள் கட்டுரையின் படங்கள் அருமை. ஆனால் ‘டென்மார்க் போகிறவர்கள் கூடவே இரண்டு நாள் ஒதுக்கி ஃபாரோவையும் பார்த்துவிடலாம்’ என்ற வரியை நம்பிக் கிளம்புபவர்கள் பணத்தையும் நாளையும் இழப்பார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

விசாவில் இருந்தே தொடங்க வேண்டும். வட அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாரோ, டென்மார்க் முடியாட்சிக்குள் இருக்கும் தன்னாட்சிப் பகுதி. ஐரோப்பிய ஒன்றியத்திலும் இல்லை, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக உதவும் ஷெங்கன் பகுதியிலும் இல்லை. இந்தியக் கடவுச்சீட்டில் இருக்கும் சாதாரண ஷெங்கன் விசா அங்கே செல்லாது. டென்மார்க் தூதரகம் வழியாக விண்ணப்பிக்கும்போதே ஃபாரோ போவதைச் சொல்லி, விசாவில் ஃபாரோவுக்கும் செல்லும் என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். மகனையோ மகளையோ பார்க்கக் கோபன்ஹேகன் போகும் பெற்றோர், அங்கிருந்து இரண்டு மணி நேர விமானம்தானே என்று டிக்கெட் எடுத்துவிட்டு மாட்டிக்கொள்வது இங்கேதான். ஐரோப்பிய ரோமிங் திட்டம் உள்ள சிம்முக்கும் இதே கதி: ஃபாரோவில் கட்டணம் தனி.

அடுத்தது வானிலை. 18 தீவுகளுக்கும் சேர்த்து ஒரே விமான நிலையம், வாகர் தீவில். கோடையிலும் கடல் குளிர்ந்தே இருப்பதால், அதன்மேல் வரும் ஈரக்காற்று மூடுபனியாக இறங்கி மலைகளை மறைத்துவிடும். விமானம் தாமதமாகும், சில நாள் இறங்கவே இறங்காது. எனவே குறைந்தது ஐந்து நாள் வேண்டும். ஊர் திரும்பும் சர்வதேச விமானத்துக்கும் ஃபாரோவிலிருந்து கிளம்புவதற்கும் நடுவே ஒரு நாள் இடைவெளி விடுவது நல்லது. ஜூலையிலும் வெப்பம் 11 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும். குடையைக் காற்று மடக்கிவிடும், ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. மழைநீர் புகாத மேற்சட்டை, அதே வகைக் கால்சட்டை, கணுக்காலைப் பிடிக்கும் காலணி, இந்த மூன்றிலும் செலவைப் பார்க்காதீர்கள்.

பஃபின் பறவைகளுக்காக மிச்சினஸ் தீவுக்குப் போக விரும்புபவர்கள் மே முதல் ஆகஸ்ட் தொடக்கம் வரை போகலாம். ஆகஸ்ட் பிற்பாதியில் பறவைகள் கடலுக்குப் போய்விடும். வாகர் தீவின் சோர்வாகூரிலிருந்து படகில் முக்கால் மணி நேரம். மிச்சினஸில் படகு கரை சேரும் இடம் ஒரு குறுகிய பாறை இடுக்கு. அலை கொஞ்சம் எழும்பினாலும் படகு ரத்து. ஆகவே மிச்சினஸைப் பயணத்தின் முதல் நாட்களில் வையுங்கள். அன்று ரத்தானால் அடுத்த நாள் இருக்கிறது. கடைசி நாளில் வைத்தால் போகவே முடியாமல் போகலாம், அல்லது தீவிலேயே சிக்கி விமானத்தை விடலாம். பஃபின் மண்ணுக்குள் வளை தோண்டி முட்டையிடும் பறவை. பாதையை விட்டு ஓரடி விலகி மிதித்தாலும் வளையின் கூரை இடிந்து குஞ்சு நசுங்கக்கூடும். படத்துக்காகப் புல்லில் இறங்குகிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உங்கள் கட்டுரையின் அட்டைப்படத்தில் ஏரி ஒன்று கடலுக்கு மேலே நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில் தொங்குவது போலத் தெரிகிறதே, அது கோணம் செய்யும் வேலை. அந்த ஏரி கடல்மட்டத்திலிருந்து சுமார் 30 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. படம் எடுக்கப்பட்ட ட்ரேலானிபா பாறை 142 மீட்டர். பாறையின் உயரத்தை நம் கண் ஏரிக்குக் கொடுத்துவிடுகிறது. மிட்வாகர் ஊரிலிருந்து நடந்து போய்வர மூன்று மணி நேரம் ஆகும். விளிம்பில் தடுப்பு எதுவும் இல்லை. காற்று பலமாக அடிக்கும் நாளில் அங்கே போகவே கூடாது.

இந்தப் பாதைக்கும், கால்சோய் தீவின் கால்லூர் கலங்கரை விளக்கப் பாதைக்கும் ஆளுக்கு 200 குரோனர் (டென்மார்க் நாணயம்) அளவில் கட்டணம் உண்டு. இது ஏமாற்று அல்ல. நடக்கும் நிலம் விவசாயிகளின் ஆட்டு மேய்ச்சல் நிலம். ஈரப் புல்தரை ஒரு கோடையிலேயே சேறாகிவிடுகிறது. கால்சோய்க்குக் கிளாக்ஸ்விக் நகரிலிருந்து போகும் படகு சிறியது, கோடையில் கார்கள் வரிசையிலேயே நின்றுவிடும். காரைக் கரையில் விட்டுவிட்டு ஏறினால் இடம் கிடைக்கும், இறங்குமிடத்தில் பேருந்து வரும்.

காரோட்டுபவர்களுக்கு இரண்டு விஷயம். வடக்குத் தீவுகளின் பழைய சுரங்கங்கள் பல ஒற்றை வழி அகலம், சிலவற்றில் உள்ளே விளக்கும் இல்லை. ஒதுங்கும் இடங்கள் எந்த வண்டிக்கு வலப்பக்கம் இருக்கின்றனவோ அந்த வண்டிதான் ஒதுங்கி வழிவிட வேண்டும். எதிர்வரும் விளக்கு இருட்டில் பக்கத்தில் இருப்பது போலவே தெரியும், பதற வேண்டாம். இன்னொன்று ஆடு. மக்களைவிட ஆடுகள் அதிகமுள்ள நாடு அது. சாலையின் ஒரு பக்கம் தாயும் மறுபக்கம் குட்டியும் நின்றால், வண்டி நெருங்கும் நொடியில் குட்டி குறுக்கே பாயும். இரண்டும் ஒரே பக்கம் சேரும் வரை நின்று போக வேண்டும். ஆடு அடிபட்டால் காவல்துறைக்குச் சொல்லியே தீர வேண்டும். கடலடிச் சுரங்கங்களுக்குச் சுங்கம் உண்டு, வாடகைக் கார் நிறுவனமே பின்னர் கணக்கில் சேர்த்துவிடும். 2020இல் திறந்த ஐஸ்ட்டுரோய் சுரங்கத்தில் கடலுக்கடியிலேயே ஒரு ரவுண்டானா இருக்கிறது. அதற்காகவே ஒருமுறை அவ்வழியே போகலாம்.

சாக்சுன் கிராமத்தில் மணல் அடைத்த கடற்கழியின் ஓரமாகக் கடல்வரை நடக்கலாம். ஓதம், அதாவது கடல்நீர் மட்டம், இறங்கும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துப் போய், ஏறுவதற்குள் திரும்பிவிட வேண்டும். சைவ உணவுக்காரர்கள் தலைநகர் டோர்ஸ்ஹாவ்னில் உள்ள பல்பொருள் அங்காடியிலேயே அரிசி, காய்கறி வாங்கிக்கொண்டு சமையலறை உள்ள வீட்டில் தங்கட்டும். சிறு கிராமங்களில் கடை இருப்பதே அரிது. மீதமுள்ள ஃபாரோ நோட்டுகளைக் கிளம்புமுன் அங்குள்ள வங்கியில் டென்மார்க் நோட்டுகளாக மாற்றிவிடுங்கள். மதிப்பு ஒன்றுதான், ஆனால் வெளியே கடைகளில் வாங்கமாட்டார்கள்.

ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்