செயலாளர் அறிக்கை: 2024–25

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எழுதியதைக் கொண்டுவந்து வாசிக்க மாதத்தின் முதல் ஞாயிறு நடக்கும் நம் கூட்டம் இந்த ஆண்டு 11 முறை நடந்தது. விட்டுப்போனது டிசம்பர் 1. முந்தைய இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்திருந்தது, தெருவெல்லாம் தண்ணீர். கரண்ட் வந்ததும் எனக்கு வந்த முதல் போன் நம் தையற்கார உறுப்பினருடையது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து மெஷின் நனைந்துவிட்டதாம். "நோட்டைப் பரண்மேல் போட்டுட்டேன் சார், கூட்டம் என்னைக்கு?" என்று கேட்டார். பரணில் முதலில் ஏறியது நோட்டுதானா என்று நான் கேட்கவில்லை.

சென்ற பொதுக்குழுவில், பரிசு வைத்தால் எழுதுகிறவர்கள் பெருகுவார்கள் என்று முன்மொழிந்தவன் நான். ஜூனில் அறிவித்தோம். கதைகள் குவிந்தன, நாற்காலி போதவில்லை. அக்டோபரில் முடிவு சொன்னோம். நவம்பரில் பழைய முகங்கள் மட்டுமே வந்தன. பரிசு வாங்கியவரும் வரவில்லை. அடுத்ததும் அதே தரத்தில் இருக்கணுமே என்று பயமாக இருக்கிறதாம். நன்றாக எழுதிக்கொண்டிருந்தவரை நான்தான் கெடுத்துவிட்டேனோ என்று இன்னும் உறுத்துகிறது. பரிசுத் திட்டத்தைக் கைவிட நானே பரிந்துரைக்கிறேன்.

செப்டம்பர் கூட்டத்தை நம்மூர் ஆனந்தரங்கப் பிள்ளைக்கு ஒதுக்கினோம். அவர் நாட்குறிப்பைத் தொடங்கியது 1736 செப்டம்பர் 6. கப்பல் வந்தது, சரக்கு விலை, பிரெஞ்சு கவர்னர் டூப்ளே சொன்னது, ஊரில் பேசிக்கொண்டது எல்லாவற்றையும் 1761 ஜனவரியில் சாகும் வரைக்கும் எழுதினார். அதே மாதம் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. ஏடுகள் வெளியார் கண்ணில் பட்டது 1846-இல்தான். "25 வருஷம், ஒருத்தர்கூடப் பாராட்டாமல் எப்படி?" என்று இளைய உறுப்பினர் ஒருவர் கேட்டார். மண்டியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்ற நம் பெரியவர் சிரித்தார். "பேரேடு எழுதுறவனை யாருப்பா பாராட்டினாங்க? அன்னைக்குக் கணக்கை அன்னைக்கே எழுதலைன்னா தூக்கம் வராது, அவ்வளவுதான்." பிள்ளை வியாபாரி என்பதை நினைத்தால் அவர் சொன்னது சரியாகவே படுகிறது. ஆனால் பிள்ளை பிரெஞ்சுக்காரர்களுக்கு மொழிபெயர்ப்பாளரும் தரகருமான துபாஷி, வசதிக்காரர். இரவு பதினோரு மணிக்குக் கடை அடைத்துவிட்டு, பில்லின் பின்பக்கத்தில் எழுதுகிறவருக்கு அந்தத் தூக்கத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது.

அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் நம் நீல நோட்டு. கூட்டம் கலையுமுன் அடுத்த மாதம் என்ன கொண்டு வருவோம் என்று ஒவ்வொருவரும் சொல்ல, நான் எழுதிக்கொள்கிறேன். அடுத்த கூட்டத்தில் முதல் வேலை அதை உரக்கப் படிப்பது. அபராதம் கிடையாது, திட்டும் கிடையாது. "எழுதாம வந்தா சுண்டலுக்குக் கை நீட்டக் கூச்சமா இருக்கு" என்றார் ஓர் அம்மா. பேரனின் பழைய பள்ளி நோட்டில் மீந்த பக்கங்களில் எழுதுகிறவர் அவர். எதையும் பத்திரிகைக்கு அனுப்பியதில்லை, அனுப்பும் எண்ணமும் இல்லை. போன மாதம் தன் மாமியார் இட்லிக்கு அரைத்த ஆட்டுக்கல் பற்றி ஒன்றரைப் பக்கம் வாசித்தார். முடித்ததும் யாரும் கைதட்டவில்லை. "குழவியை யார் கழுவுவாங்க, நீங்களா அவங்களா?" என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதிலாக இன்னும் இரண்டு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். பெரும்பகுதி டீக்கும் சுண்டலுக்கும் போயிருக்கிறது, அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. மின்விசிறி இன்னும் பழுதாகவே இருக்கிறது.

அடுத்த கூட்டம் மே 4. யார் யார் என்ன கொண்டு வருவதாகச் சொன்னீர்கள் என்பது நீல நோட்டில் இருக்கிறது. செயலாளர் பெயரும் உண்டு. அதற்கு நேரே மூன்று மாதமாக ஒரே வரிதான்: "பாதி முடிந்தது."

இப்படிக்கு,
செயலாளர்