கிரவுண்டு மேல மண்ணு அடிச்சா மட்டும் போதுமா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

2023 டிசம்பர் 17, 18-ல பேஞ்ச மழைய நம்ம பக்கத்து சனம் மறக்கவே முடியாது, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டிச்சு, தாமிரபரணி கரை தாண்டி திருநெல்வேலி ஜங்ஷன், வண்ணார்பேட்டைன்னு ஊருக்குள்ள வந்துட்டு. எங்க பிள்ளைய ஓடுத கிரவுண்டும் முங்கிச்சு. ரோடு, கரண்டு முதல்ல சரி பண்ணணும், அது நியாயந்தான். ஆனா கிரவுண்டுல நாலு லோடு செம்மண்ண அடிச்சு ரோலர் விட்டு முடிச்சுட்டாங்க. வெள்ளம் கொண்டாந்த வண்டல் மாவு மாதிரி நைசா இருக்கும், அடியில உள்ள ஜல்லி, மணல் இடுக்கெல்லாம் போயி அடைச்சுக்கிடும், அத வழிச்சு எடுக்காம மேல கொட்டுனா தண்ணி எங்கன இறங்கும், சின்ன மழைக்கே குளமா நிக்கி, காஞ்சா பாளம் பாளமா வெடிக்கி, ஓடுத பிள்ளைக்கு கணுக்கால் பிசகத்தான் செய்யும். எம்மவ காலைல அஞ்சரைக்கு ஷூவ கையில தூக்கிட்டு போயி சகதிய பாத்துட்டு அப்படியே திரும்பி வாரா, பாக்கைல மனசு கெடந்து அடிச்சுக்கிடுது.

மொதல்ல வண்டல எடுங்க, சுத்தி உள்ள மழைத்தண்ணி வாறுகால தூர்வாரி தண்ணி ஓடுத வாட்டத்த பாருங்க, லைட் வயரிங்ல ஈரம் இருக்கான்னு செக் பண்ணுங்க, பெயிண்டெல்லாம் அப்புறம் அடிச்சுக்கிடலாம். ஐப்பசி பொறந்தா மழை வந்துரும், அதுக்கு முன்னாடியே வேலைய முடிச்சு குடுங்கய்யா.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை