இருபதாயிரம் கூட வந்திருக்கிறது

இயேசு மரி சூசை துணை

தூத்துக்குடி
21-4-2024

அன்பு மகன் ரெக்சுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்துக்கு மாதாவை வேண்டிக்கொள்கிறோம்.

நீ அனுப்பிய பணம் ஏழாம் தேதியே வந்துவிட்டது. வழக்கத்தைவிட இருபதாயிரம் சொச்சம் கூட இருந்தது. மெர்லின் போனஸ் என்றாள். நானும் சரி என்று சொல்லிவிட்டேன். பிள்ளைக்கு நேற்றோடு எழுபது நாள். தலை நிற்க ஆரம்பித்துவிட்டது. உன் பாட்டி மாதிரியே ஒரு பக்கமாகச் சாய்ந்து பார்க்கிறாள். வெள்ளிக்கிழமை ஓட்டுப் போடப் போனோம். அம்மாவின் முழங்காலைப் பார்த்து வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே அனுப்பினார்கள். அதற்கும் அவளுக்குக் கோபம், நான் என்ன கிழவியா என்று. பெரியப்பா வீட்டு விஷயம் இன்னும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பிறகு எழுதுகிறேன்.

லைஃப் ஜாக்கெட்டைக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள். அலமாரிக்குள் வைக்காதே.

உன் கப்பலை ஆப்பில் பார்ப்பதை நிறுத்திவிட்டேன் என்று மெர்லினிடம் சொல்லியிருக்கிறேன். நிறுத்தவில்லை. புதன்கிழமை ராத்திரி ஜெட்டாவுக்கு நேரே, தெற்கு பார்த்து இருந்த அம்புக்குறி இன்னும் அங்கேயேதான் நிற்கிறது, சிக்னலை அணைத்திருப்பீர்கள். போனில் நீ, "கேப் சுற்றித்தான் போகிறோம் அப்பா" என்றாய். ஆப்பிரிக்காவைச் சுற்றுகிற கப்பலுக்கு ஜெட்டாவில் என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் போவதில்லை. ஆனால் 31 வருஷம் கப்பலில் கிடந்தவனை ஏமாற்ற வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். போர்ப்பகுதியைக் கடந்தால் குறைந்தது ஐந்து நாளைக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு. உன் அடிப்படைச் சம்பளத்தை முப்பதால் வகுத்து ஐந்தால் பெருக்கிப் பார்த்தேன். இருபதாயிரம் சொச்சம் வந்தது. போனஸாம்.

செய்தி பார்க்காதீர்கள் என்கிறாய். பார்க்காமல் வேறு என்ன செய்ய? மார்ச் 6ஆம் தேதி ட்ரூ கான்ஃபிடன்ஸ் கப்பலில் ஏமன் ஹூதிகளின் ஏவுகணை விழுந்து மூன்று பேர் போய்விட்டார்கள். வேலைக்கு வந்த பிள்ளைகள். மீதி 21 பேரைத் தூக்கிக் கரை சேர்த்தது நம் ஐஎன்எஸ் கொல்கத்தா. அதே கொல்கத்தாதான் பத்து நாள் கழித்து, சோமாலியக் கொள்ளையர் பிடித்து வைத்திருந்த ரூயன் கப்பலையும் மீட்டது. நாற்பது மணி நேரம் விடாமல் பின்னாலேயே போய், விமானத்திலிருந்து மார்க்கோஸ் என்கிற நேவி கமாண்டோக்களைக் கடலில் இறக்கி, 35 கொள்ளையரைச் சரணடைய வைத்து, 17 மாலுமிகளையும் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுவந்தார்கள். பார்க்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஜனவரியில் லீலா நார்ஃபோக் கப்பலைக் கொள்ளையரிடமிருந்து காப்பாற்றப் போனது ஐஎன்எஸ் சென்னை என்று கேட்டதும் அம்மா டிவிக்கே கும்பிடு போட்டாள்.

ஆனால் அந்த 35 பேரை மும்பைக்குக் கொண்டுவந்து வரிசையாக உட்கார வைத்திருந்ததைக் காட்டினார்களே, எல்லாரும் கைதட்டினார்கள், எனக்கு ஆஸ்பால்ட் வெஞ்சர் கப்பல் ஞாபகம் வந்தது. 2011 ஏப்ரலில் பணத்தை வாங்கிக்கொண்டு கப்பலை விட்டவர்கள் ஏழு இந்தியர்களை மட்டும் கரையிலேயே நிறுத்திக்கொண்டார்கள். நம் நேவி பிடித்து வைத்திருந்த அவர்கள் ஆட்களை விட்டால்தான் விடுவோம் என்று. ஏழு பேரும் வீடு வந்தது 2014 அக்டோபரில். நேவி செய்தது தப்பு என்று சொல்ல வரவில்லை. கணக்கு எந்தக் கப்பலில் யார் தலையில் விடியும் என்று நேவிக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

எங்கள் காலம் வேறு என்றால் நீ சிரிப்பாய். வேறுதான். 2008 கடைசியில் நம் நேவி ஏடன் வளைகுடாவுக்கு வந்தது, டிசம்பரில் ஐரோப்பியர் வந்தார்கள், சீனாக்காரன் வந்தான், மறு ஜனவரியில் பஹ்ரைனிலிருந்து நடத்துகிற 151ஆம் படை வந்தது. நேட்டோவும் இருந்தது. ஏடன் வளைகுடாவுக்குக் குறுக்கே 490 மைல் நீளத்துக்குப் பாதை போட்டு, போக ஐந்து மைல், வர ஐந்து மைல், நடுவில் இரண்டு மைல் என்று ரோடு மாதிரி பிரித்தார்கள். 10 நாட் வேகத்தில் ஓடுகிற கப்பல் ஒரு நேரம், 14 நாட் ஓடுகிற கப்பல் ஒரு நேரம், 18 நாட் ஒரு நேரம் என்று தனித்தனியாகக் கிளப்பி, ஆபத்தான இடத்தை எல்லாரும் ராத்திரியில் ஒன்றாகக் கடக்கிற மாதிரி கணக்குப் பண்ணினார்கள். எந்தப் புண்ணியவான் யோசித்தானோ. பிரிட்ஜில் நிற்கும்போது ரேடியோவில் 16ஆம் சேனலில் ஒரு சீனாக்காரன் குரல், ஒரு டச்சுக்காரன் குரல், நடுவில் நம்மவன் இந்தி வாடையோடு இங்கிலீஷ். ஊரில் ஒருத்தன் முகத்தில் ஒருத்தன் முழிக்காத நாடுகள். இந்தியா, சீனா, ஜப்பான் மூன்றும் எந்தத் தேதியில் யார் துணைக்கு வருவது என்று 2012இல் பேசிவைத்துக்கொண்டார்கள் என்றால் பாரேன். சோமாலியாக்காரனுக்குப் பின்னால் எந்த நாடும் நிற்கவில்லை, அதனால் எல்லாருக்கும் அவன் பொது எதிரி.

இப்போது அப்படியா? அமெரிக்காக்காரன் ஒரு பெயரில் படை கூட்டினான். பிப்ரவரியில் ஐரோப்பியர் தனியாக ஆஸ்பிடெஸ் என்று வந்தார்கள். நாம் எதிலும் சேராமல் நம்பாட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறோம். சீனாக்காரன் அவன்பாட்டுக்கு. எல்லாரும் இருக்கிறார்கள், ஆனால் கல்யாண வீட்டில் பந்தி யார் பார்ப்பது என்று தெரியாத மாதிரி இருக்கிறது. எல்லார் கண்ணும் ஹூதிப் பக்கம் திரும்பின நேரத்தில்தான் இந்தப் பக்கம் சோமாலியாக்காரன் மறுபடி படகை இறக்கினான். அப்புறம் ஹோர்முஸில் ஈரான்காரன் பிடித்த ஏரீஸ் கப்பல். அதில் நம் ஆட்கள் 17 பேர், அந்தத் திருச்சூர் கேடட் பிள்ளை மட்டும் வியாழக்கிழமை வீடு வந்து சேர்ந்தாள். அவள் அப்பா ஏர்போர்ட்டில் என்ன பேசியிருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன்.

கொள்ளைக்காரன் வந்தால் சிட்டாடலுக்குள், அந்தப் பூட்டிக்கொள்கிற பாதுகாப்பு அறைக்குள், ஓடு. ஏவுகணை என்றால் கீழே போகாதே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே இரு. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. உனக்கு வாட்ச் என்ஜின் ரூமில்தான் என்று தெரியும். வாட்ச் முடிந்த பிறகு அங்கே நின்று பேசிக்கொண்டிருக்காதே என்றுதான் சொல்கிறேன். மூன்றாம் என்ஜினியர் என்று உன்னை "தீன் சாப்" என்று கூப்பிடுகிறார்களாமே, மெர்லின் சொன்னாள். டெக் மேஸ்திரி போசனின் மகன் சாப் ஆகிவிட்டான். மூன்று தெருவுக்குச் சொல்லிவிட்டேன். லைஃப் ஜாக்கெட்டை மறக்காதே.

தொழிற்சங்கமான ஐடிஎஃப் போட்ட ஒப்பந்தம் உள்ள கப்பலில், அந்த வழி வரமாட்டேன் என்று சொல்ல உரிமை உண்டு. கம்பெனி செலவில் ஊருக்கு அனுப்ப வேண்டும், இரண்டு மாத அடிப்படைச் சம்பளமும் தர வேண்டும். உனக்குத் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டிருப்பாய். யாரைப் பார்த்து இந்தத் தைரியம் வந்தது என்பதும் எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், சுற்றிச் சுற்றி வருகிறேன்.

நீ ஒன்பதாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் பேசினாயே, "என் தந்தை கடற்கொள்ளையரை விரட்டிய கதை" என்று. சாமியார் கையால் பரிசு வாங்கினாய். அந்தக் கதை நான் சொன்ன மாதிரி நடக்கவில்லை.

2011 மார்ச். மினிக்காய்க்கு மேற்கே போய்க்கொண்டிருந்தோம். அப்போதெல்லாம் கொள்ளையர் இந்தப் பக்கம் வரைக்கும் வந்துவிட்டார்கள் என்று எல்லாருக்கும் கிலி. கப்பலைச் சுற்றி முள்கம்பிச் சுருள் கட்டியிருந்தோம். பழைய பாய்லர் சூட்டில் கந்தல் துணியைத் திணித்து, ஹெல்மெட் மாட்டி, நான்தான் நான்கு பொம்மை செய்து கைப்பிடியோரம் நிறுத்தினேன். ஒன்றுக்கு மீசை வரைந்தேன். அதைச் சொல்லித்தான் உன்னைச் சிரிக்க வைத்தேன், அது நிஜம். துப்பாக்கியோடு நான்கு காவல்காரர்கள் ஏறியிருந்ததும் நிஜம்.

பொழுது சாய்கிற நேரம். வலதுபக்கம் லுக்கவுட் நான். ஒரு படகு எங்களைப் பார்த்து நேராக வந்தது. பைனாகுலரில் பார்த்தேன். முன்னால் ஒருத்தன் நின்றுகொண்டு சட்டையோ துண்டோ கழற்றிச் சுற்றினான். இன்னொருத்தன் கையைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிக் காட்டினான், விலகிப் போ, விலகிப் போ என்று. ரெக்ஸ், அது என்ன என்று எனக்குத் தெரியும். உன் தாத்தா அதையே செய்து நான் பார்த்திருக்கிறேன். ஆயிரங்கால் தூண்டில் போட்டிருப்பவன், கப்பல் அதை அறுத்துக்கொண்டு போய்விடாமல் இருக்க ஓடி வருவான். எதிரே கொஞ்ச தூரத்தில் மூங்கில் கம்பில் கறுப்புக் கொடி மிதந்ததையும் பார்த்தேன். குமரி மாவட்டத்துத் தூத்தூர் மீனவர்கள் சுறாவுக்கு அவ்வளவு தூரம் வருவார்கள் என்பது என்னைத் தவிர அந்தக் கப்பலில் யாருக்கும் தெரியாது.

ஆனால் வாயில் வந்தது "ஸ்கிஃப்" என்ற ஒரு வார்த்தைதான், கொள்ளைக்காரன் படகு என்று அர்த்தம். பயம். கால் நடுங்கியது. மீன்பிடிப் படகு என்று சொல்லி, அது இல்லை என்று ஆகிவிட்டால்? காவல்காரர்கள் ஓடி வந்து சுட்டார்கள், தண்ணீரில்தான் சுட்டதாகச் சொன்னார்கள். படகு திரும்பியது. நின்றவன் உட்கார்ந்தான். குனிந்தானா விழுந்தானா, பைனாகுலர் என் கையில்தான் இருந்தது, எனக்குத் தெரியவில்லை. நாங்கள் நிற்கவில்லை. கேப்டன் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தத் தட்டலைத்தான் வீட்டுக்கு வந்து உனக்குக் கதையாகச் சொன்னேன்.

மறு வருஷம் பிப்ரவரியில் கொல்லத்துக்குப் பக்கத்தில் இத்தாலிக் கப்பலிலிருந்து சுட்டு இரண்டு மீனவர்கள் செத்தார்களே, ஒருத்தன் குமரி மாவட்டத்துப் பையன். அன்றைக்கு நான் சாப்பிடாமல் படுத்ததைப் பார்த்து அம்மா காய்ச்சல் என்று நினைத்துக் கஞ்சி வைத்தாள். மனிதர்களா இவர்கள் என்று ஊரெல்லாம் இத்தாலிக்காரனைத் திட்டியபோது நானும் சேர்ந்து திட்டினேன். தூத்தூர்ப் பக்கம் யார் வீட்டிலாவது 2011இல் குண்டுபட்டு ஆள் வந்தானா என்று விசாரிக்க ஒரு பஸ் ஏறினால் போதும். பதிமூன்று வருஷமாக ஏறவில்லை.

இதை இப்போது எதற்கு எழுதுகிறேன் என்று கேட்பாய். அப்பா பயப்படவில்லை, நாமும் பயப்படக் கூடாது என்று நினைத்து நீ எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம். அவ்வளவுதான்.

ஜூன் 9 ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் வைக்கலாம் என்று பங்குச் சாமியார் சொல்கிறார். ஞானத்தகப்பன் யார் என்று பெயர் கேட்கிறார். நீ வராமல் வேண்டாம், தள்ளிவைக்கலாம் என்று மெர்லின் சொல்கிறாள். அம்மா வேறு மாதிரி சொல்கிறாள். நீ ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அடங்கும்.

கடிதத்தை முடிக்கும் முன்னால் ஒரு தடவை ஆப்பைத் திறந்தேன். ஜெட்டா. மூன்று நாளில் நீ ஏடனைத் தாண்டியிருக்க வேண்டும். இந்த மெயில் எங்கே, எப்போது கிடைக்குமோ. மெர்லினிடம் காட்டவில்லை. கிடைத்ததும் எந்த வழி, எந்த இடம் என்றெல்லாம் எழுத வேண்டாம். கொடுத்துவிட்ட மாசிப்பொடி தீர்ந்ததா, இன்னும் இருக்கிறதா என்று ஒரு வரி போடு. அம்மா கேட்கிறாள்.

அப்பா