மலைக்கும் தோட்டத்துக்கும் நாலு அங்குலக் கத்தி போதும்

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், மலைப்பக்கம் போய்த் தங்குகிறவர்கள் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டிய பொருட்கள் என்று ஒரு பக்கம் போட்டிருந்தீர்கள். தண்ணீர் பாட்டில், தலையில் மாட்டும் விளக்கு, மழைக்கோட்டு எல்லாம் சரி. கத்தி என்ற இடத்தில் மட்டும், முதுகில் ரம்பப் பல், பிடியின் அடியில் திசைகாட்டி, மேலே கறுப்புப் பூச்சு, ஒரு அடிக்கு மேல் நீளம் என்று ஒன்றைப் படம் போட்டு வைத்திருக்கிறீர்கள். அதைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் ஆர்டர் போட்டார்களோ தெரியவில்லை, அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

அந்த மாதிரிக் கத்தி எப்படி உடையும் என்பதைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவன் நான். என் அண்ணன் மகன் இணையத்தில் ஒன்று வாங்கினான். தோட்டத்தில் அடுப்பு மூட்டுவதற்குக் காய்ந்த கிளை ஒன்றைப் பிளக்க, அலகை அதன் மேல் வைத்து முதுகில் ஒரு கட்டையால் நாலு தட்டுத் தட்டினான். அவ்வளவுதான், அலகு கழன்று எகிறிப்போய்ச் செடிக்குள் விழுந்தது, கையில் வெறும் பிடிதான் இருந்தது. எடுத்துப் பார்த்தால் பிடி முழுக்க உள்ளே ஒன்றுமில்லாத குழாய். தூண்டில் முள்ளும் தீக்குச்சியும் போட்டு வைத்துக்கொள்ளத்தான் அந்தக் குழாயாம். அலகின் பின்பக்கம் சுண்டுவிரல் கணு அளவுக்கு ஒரு துண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது, அதில் ஒரு மரை, ஒரு நட்டு. மொத்தக் கத்தியும் அந்த நட்டில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறது. யார் மேலும் படவில்லை, நல்ல காலம். விற்றவர்களைக் கேட்டதற்கு, பத்து நாள் தாண்டிவிட்டது, திருப்பி எடுக்க முடியாது என்று பதில் வந்தது.

கத்தி வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது அலகு பிடிக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்பதை. எங்கள் பக்கம் அதை வால் என்போம். பிடியின் கடைசி வரை வால் போய், இரண்டு பக்கமும் கட்டையோ பிளாஸ்டிக்கோ வைத்து ரிவிட் அடித்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். முக்கால்வாசி போய், பிடி அதைச் சுற்றி இறுக்கமாக வார்க்கப்பட்டிருந்தாலும் சாதாரண வேலைக்குத் தாராளமாகப் போதும். விற்பனைப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை, பிடிக்குள் சாமான் வைக்க இடம் இருக்கிறது என்று மட்டும் பெருமையாகப் போட்டிருக்கிறார்கள் என்றால், விலை என்னவாக இருந்தாலும் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

அடுத்தது அளவு. வெளியில் தங்கும்போது கத்திக்கு உண்மையில் என்ன வேலை வருகிறது? வெங்காயம், தக்காளி நறுக்க வேண்டும், கயிறு அறுக்க வேண்டும், பொட்டலம் பிரிக்க வேண்டும், குச்சியைச் சீவ வேண்டும், மீன் கிடைத்தால் செதில் எடுத்து வயிறு கீற வேண்டும், அடுப்புப் பற்றவைக்கக் கொஞ்சம் சிராய் சீவ வேண்டும். இதற்கெல்லாம் 4 அங்குல அலகு போதும், 2.5-லிருந்து 3 மி.மீ. தடிமன் போதும். 5 மி.மீ., 6 மி.மீ. தடிமன் என்று வருகிறதே, அதை வைத்து ஒரு தக்காளியை அரிந்து பாருங்கள், அரியாது, ஆப்பு இறக்கின மாதிரி பிளந்து நசுக்கும். முதுகில் உள்ள ரம்பப் பல்லும் மரம் அறுக்காது. மாறாக, சீவும்போது கட்டைவிரலை முதுகில் வைத்து அழுத்த முடியாமல் செய்யும், கட்டையால் தட்டினால் கட்டையைக் கடித்துக்கொள்ளும்.

இளநீர் சீவ, முள் வெட்ட, விறகு பிளக்க வேண்டும் என்றால் அதற்கு அரிவாள் இருக்கிறது. சிறு கத்தியை அரிவாள் வேலைக்கும், அரிவாளைச் சிறு கத்தி வேலைக்கும் இழுப்பதால்தான் ஒன்று உடைகிறது, இன்னொன்று கையைக் கிழிக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கத்தியில் முடிக்கலாம் என்று சொல்லித்தான் அந்தப் பெரிய கத்திகளை விற்கிறார்கள். அது எந்த வேலையையும் ஒழுங்காகச் செய்யாது.

சரி, எதை வாங்குவது? ஸ்வீடன் நாட்டில் மோரா என்று ஓர் ஊர், கத்திக்குப் பேர் போன ஊர். அங்கே 1891-லிருந்து கத்தி செய்துவரும் தொழிலின் வழியில் வந்த நிறுவனம் மோராக்னிவ். அவர்களுடைய கம்பானியன் என்ற கத்தியை, அந்த நாடுகளில் தச்சரிலிருந்து மீன் பிடிக்கிறவர் வரை எல்லோரும் சாதாரணமாக இடுப்பில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள். அலகு 4 அங்குலத்துக்கு ஒரு பொட்டு கூட, துருப்பிடிக்காத வகையில் தடிமன் 2.5 மி.மீ., ரப்பர் மாதிரிப் பிடி, ஈரக் கையிலும் வழுக்காது, பிளாஸ்டிக் உறையில் செருகினால் டக்கென்று பிடித்துக்கொள்ளும். வால் பிடியின் கடைசி வரை போகாது, ஆனாலும் நல்ல உழைப்பு. அமெரிக்காவில் ஏறத்தாழ 20 டாலருக்கு விற்கிற சாமான்தான் இது, இங்கே வந்து சேரும்போது வரியும் கப்பல் செலவும் சேர்ந்து விலை கூடிவிடுகிறது, அப்படியும் அந்த ரம்பப் பல் கத்திகளில் பலவற்றைவிட அதிகம் இல்லை.

இரும்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். அலகில் வெறுமனே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று பொறித்திருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை, நம் வீட்டு டம்ளரும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தான். இரும்பின் ரகம் எழுதியிருக்க வேண்டும். மோரா கத்தியில் 12சி27 என்று ஒரு ரகம், கரி, அதாவது கார்பன், ஏறத்தாழ 0.6 சதவீதம் இருக்கும், வாய், அதாவது வெட்டுகிற ஓரம், நன்றாக நிற்கும், தீட்டுவதும் சுலபம். 3சிஆர்13 என்று போட்டிருந்தால் கரி அதில் பாதிதான், சீக்கிரம் மழுங்கும், ஆனால் விலை குறைவு என்றால் அதையும் குறை சொல்ல மாட்டேன், அடிக்கடி தீட்டிக்கொள்ளலாம். ரகமே எழுதாமல், அலையலையாகக் கோலம் போட்டு டமாஸ்கஸ் என்று விற்கிற மலிவுக் கத்தியை மட்டும் தொடாதீர்கள். டமாஸ்கஸ் வாளுக்குப் பேர் வாங்கித் தந்த உருக்கு நம் தென்னிந்தியாவிலிருந்து போனது. இன்று அந்தப் பெயரில் வருவதோ இரண்டு ரக இரும்பை அடுக்கி அடித்தது, அல்லது மேலே அமிலத்தால் அரித்து வரைந்தது. நல்ல கைகாரர் செய்தால் அழகுதான், ஆனால் எண்ணூறு ரூபாய்க்கு நல்ல கைகாரர் செய்ய மாட்டார்.

துருப்பிடிக்காததா, சாதாரணக் கரி இரும்பா என்று கேட்டால், கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களும் மீன் வேலைக்கு வாங்குகிறவர்களும் துருப்பிடிக்காததையே வாங்குங்கள். கரி இரும்பு எலுமிச்சை அரிந்தாலே கறுக்கும். அந்தக் கறுப்பு கெடுதல் இல்லை, சிவப்புத் துருதான் கெடுதல். துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி வைத்தால் போதும், சாப்பாட்டுக்கும் பயம் இல்லை. தோல் உறை பார்க்க நன்றாக இருக்கும், மழைக்காலத்தில் அதற்குள்ளேயே கத்தியை வைத்துவிட்டால் தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு அலகை அரித்துவிடும்.

இன்னொரு விஷயம், இதை இறக்குமதிக் கத்தியைப் புகழ்கிற யாரும் சொல்வதில்லை. அந்த ஊர் மரங்கள் பைன், பிர்ச் போன்றவை, நம் சீமைக்கருவேலத்தோடும் மூங்கில் கணுவோடும் பார்த்தால் மென்மையானவை. மோரா கத்தியின் வாய் இரண்டு பக்கமும் ஒரே சரிவாக இறங்கி நூல் மாதிரி முடியும், நம் கட்டையில் வைத்து அழுத்தினால் அந்த நுனி மடங்கும் அல்லது பொடிப்பொடியாக உதிரும். வாங்கிய அன்றே கல்லில் வைத்து, சரிவை முழுசாகக் கல்லோடு படிய விடாமல் முதுகை ஒரு நூல் அளவு கூடுதலாகத் தூக்கி, பக்கத்துக்கு நாலைந்து இழுப்பு இழுத்துவிட்டால் வாய்க்குக் கொஞ்சம் பலம் வந்துவிடும், அப்புறம் தைரியமாக வேலை செய்யலாம்.

வெளிநாட்டுக் கத்திதான் வேண்டும் என்றில்லை. பட்டறையில் லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிக்கிற இரும்பு நல்ல இரும்பு, திருப்பாச்சேத்தி அரிவாளுக்கு ஊரெல்லாம் பேர் இருக்கிறது, அந்தத் தொழில் தெரிந்த கைக்கு நாலு அங்குலக் கத்தி பெரிய காரியமா? சிக்கல் ஒன்றுதான். அரிவாள் அடித்துப் பழகியவர்கள் தடிமனாகவே விட்டுவிடுவார்கள். முன்னாடியே அட்டையில் அளவு வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்து, முதுகு 3 மி.மீ.க்கு மேல் வேண்டாம், வாய் மெலிசாக இறங்க வேண்டும், வால் பிடியின் கடைசி வரை வர வேண்டும், தோய்ச்சல் (இரும்பைக் காய்ச்சி முக்கிக் கெட்டியாக்குவது) வாய்ப்பக்கம் சரியாக இருக்க வேண்டும் என்று உட்கார்ந்து பேசி வாங்க வேண்டும். பட்டையை அவ்வளவு மெலிசாக அடித்து இழுப்பது நேரம் பிடிக்கிற வேலை, அதனால் கேட்கிற கூலியில் பேரம் பேசாதீர்கள். லேத் பட்டறைகளில் தேய்ந்துபோன மெஷின் ரம்பத் தகட்டிலும் சிலர் கத்தி செய்து தருகிறார்கள், வாய் பிரமாதமாக நிற்கும், ஆனால் பக்கவாட்டில் நெம்பினால் கண்ணாடி மாதிரி ஒடியும். எதற்கும் செலவு செய்ய முடியாது என்றால் பாத்திரக்கடையில் தடித்த சமையல் கத்தி ஒன்று வாங்கி, பி.வி.சி. குழாய்த் துண்டைச் சூடு காட்டித் தட்டையாக்கி உறை செய்துகொள்ளுங்கள். அதுவும் அந்த ரம்பப் பல் சாமானைவிட நன்றாகவே வேலை செய்யும்.

உங்கள் பக்கத்தில் சுத்தமாக விட்டுப்போனது சட்டம். மலைப்பயணம் என்று போட்டுவிட்டுக் கத்தியையும் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் கத்தியும் அடங்கும், சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்துமூல அனுமதி வேண்டும். எங்களுக்கு மேலே இருக்கிற கொடைக்கானல் காடு 2013-லேயே வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. சோதனைச் சாவடியில் பையைத் திறந்தால் உங்கள் படத்தில் இருந்த கத்திக்கு என்ன பதில் சொல்வது? வனத்துறையின் டிரெக் தமிழ்நாடு என்ற மலையேற்றத் திட்டத்தின் பாதைகளில் வழிகாட்டி கூடவே வருகிறார், அங்கே கத்திக்கு வேலையே கிடையாது, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகலாம். நான் சொல்வது சொந்தத் தோட்டம், தனியார் எஸ்டேட்டில் கூடாரம் போட்டுத் தங்குவது, கண்மாயில் மீன் பிடிப்பது போன்ற இடங்களுக்கு. ஆயுத விதிகளிலும், வீடு, விவசாயம், தொழில், அறிவியல் வேலைகளுக்காகச் செய்யப்பட்டவை தவிர மற்றக் கத்திகளில் அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளமாகவோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமாகவோ இருந்தால் அது ஆயுதப் பட்டியலில் வரும். நாலு அங்குலம் போதும் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். எடுத்துப் போகும்போது இடுப்பில் மாட்டாமல் உறையோடு பைக்குள் வையுங்கள், விமானத்தில் என்றால் கையோடு கொண்டுபோகும் பையில் கூடவே கூடாது.

மிச்சப்படுகிற காசில் ஒரு சாணைக்கல் வாங்குங்கள், ஒரு பக்கம் சொரசொரப்பும் மறுபக்கம் வழவழப்பும் உள்ள கார்போரண்டம் கல் ஹார்டுவேர் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால் மறுபக்கத்தில் விரல் நுனியை முதுகிலிருந்து வாய் நோக்கித் தடவும்போது மெல்லிய பிசிர் தட்டும், வாயின் நீளம் முழுக்க அது தட்டின பிறகுதான் கத்தியைத் திருப்ப வேண்டும், நடுவில் திருப்பித் திருப்பித் தேய்த்தால் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாலும் கூர் வராது. தெருவில் சக்கரத்தில் சாணை பிடிக்கிறவர்கள் அரிவாள்மணைக்கும் அரிவாளுக்கும் நன்றாகவே பிடித்துத் தருகிறார்கள். ஆனால் இந்த மெல்லிய அலகைத் தண்ணீர் காட்டாமல் சக்கரத்தில் கொடுத்தால் சூடேறி நுனி நீலம் பாய்ந்துவிடும், அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம், அதன் பிறகு அங்கே கூர் நிற்காது.

பிள்ளைகளுக்குக் கொடுக்கிறவர்கள் விரல் வழுக்கி வாய்ப்பக்கம் போகாமல் பிடியில் ஒரு தடுப்பு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வை, அவர் எடுத்துக்கொள்வார் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அதை அப்படியே பழக்குங்கள். கூடாரத்தில் இருட்டில் ஆளுக்கு ஆள் கத்தியை நீட்டுவதைவிடப் பத்திரமான முறை அதுதான்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். இறக்குமதிக் கத்தி எங்கே கிடைக்கும் என்பதை யார் வேண்டுமானாலும் இரண்டு நிமிடத்தில் தேடிவிடலாம், ஆனால் எந்த ஊரில் எந்தப் பட்டறையில் இந்த மாதிரிச் சிறு கத்தியை அளவு சொன்னால் ஒழுங்காக அடித்துத் தருகிறார்கள் என்பது அந்தந்த ஊர்க்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை மாவட்ட வாரியாக வாசகர்களிடம் கேட்டு, விலையோடும் தொலைபேசி எண்ணோடும், பட்டறைக்காரர்கள் சம்மதித்தால் அவர்கள் அடித்த கத்தியின் படத்தோடும் அதே ஞாயிறு இணைப்பில் போடுங்கள். திண்டுக்கல் மாவட்டத்துக்கு எனக்குத் தெரிந்த இரண்டு பட்டறைகளின் விவரத்தை அவர்களைக் கேட்டுக்கொண்டு தனியாக அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டிவீரன்பட்டி