பைக்கிலிருந்து காருக்குப் போகும் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போன் பண்ணியபோது அம்மா பக்கத்திலேயே இருந்ததால் சரியாகப் பேச முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அடுத்த சீசனில் பைக் ரேஸை விட்டு, ஒருவர் மட்டும் உட்காரும் ஃபார்முலா ரேஸ் காருக்கு மாறலாமா என்று கேட்டாய். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், நாலு சக்கரம், பெல்ட் போட்டு உள்ளே உட்காருவாய், கீழே விழமாட்டாய் என்று. அவள் பயத்துக்காக மாறுகிறாய் என்றால் வேண்டாம் சாமி. கார் மேல் உனக்கே ஆசை வந்திருந்தால் தாராளமாகப் போ.

ஜான் சர்டீஸ் உனக்குத் தெரிந்த பெயர்தான். பைக்கில் 7 உலகப் பட்டம், 1964இல் ஃபெராரியில் ஃபார்முலா 1 பட்டம், இரண்டிலும் உலக சாம்பியன் ஆனவர் இன்றுவரை அவர் ஒருவர்தான். மெக்சிகோவில் கடைசி ரேஸில் கிரஹாம் ஹில்லை 40க்கு 39 என்று ஒரே பாயிண்டில் முந்தியதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைவிட அவருடைய 1960ஆம் வருஷம்தான் பெரிது. எம்வி அகஸ்டா பைக்கில் 350 சிசி, 500 சிசி இரண்டு பட்டத்தையும் ஜெயித்துக்கொண்டே நடுநடுவே கார் ஓட்டுகிறார். மார்ச்சில் இங்கிலாந்தின் குட்வுட் டிராக்கில் முதல் கார் ரேஸ், ஃபார்முலா 1க்குக் கீழ்நிலையான ஃபார்முலா ஜூனியர், ஜிம் கிளார்க்குக்குப் பின்னால் இரண்டாவது. ஜூலையில் ஃபார்முலா 1இன் பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீயில் லோட்டஸ் காரில் இரண்டாவது, அதற்கு அடுத்த ரேஸ் போர்ச்சுகல், அங்கே போல் பொசிஷன், அதாவது முதல் இடத்திலிருந்து கிளம்பினார். இவ்வளவு வேகமாக வந்தவருக்கே ஃபார்முலா 1 உலக சாம்பியன்ஷிப் ரேஸில் முதல் வெற்றி 1963இல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் டிராக்கில்தான் கிடைத்தது. உனக்கு முதல் வருஷத்திலேயே போடியம், முதல் மூன்று இடம், வரவில்லை என்றால் மனசு விட்டுவிடாதே.

பைக்கில் முன் டயர் வழுக்கினால் தரைதான், அதனால் டயரின் பிடி விடப்போவதை முன்கூட்டியே உடம்பு உணர்ந்துவிடும். அது உன்னோடு காருக்கும் வரும். ஆனால் வளைவில் உடம்பைச் சாய்த்து, முட்டியைத் தரையில் உரசி வண்டியைத் திருப்பிய நீ இப்போது ஆடாமல் அசையாமல் கட்டுண்டு உட்காரணும், பின்பக்கம் வழுக்கினால் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பிப் பிடிக்கணும். முன் பிரேக்கை இரண்டு விரலால் மெல்ல விட்டு விட்டு வளைவுக்குள் போவாயே, அந்த நுணுக்கம் இனி பாதத்துக்கு வரணும், அதுவும் ஓங்கி மிதிக்கிற மிதியில். இதற்குத்தான் நாள் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லாத ஒன்று. பைக்கில் விழுந்தால் பெரும்பாலும் வண்டி ஒரு பக்கம், நீ ஒரு பக்கம். காரில் நீ அதற்குள்ளேயேதான். பைக்கில் 9 பட்டம் வாங்கிய மைக் ஹெயில்வுட் 1973இல் தென்னாப்பிரிக்காவின் கியாலாமி டிராக்கில் எரிகிற காருக்குள் கிடந்த சக டிரைவர் ரெகட்சோனியை, தன் மேலும் தீப்பிடித்த பிறகும், திரும்பப் போய் வெளியே இழுத்தார். அடுத்த வருஷம் நூர்பர்க்ரிங் விபத்தில் கால் நொறுங்கி அவருடைய ஃபார்முலா 1 முடிந்தது. சர்டீஸின் மகன் ஹென்றி 2009இல் இங்கிலாந்தின் பிராண்ட்ஸ் ஹாட்ச் டிராக்கில் கார் ரேஸில் இன்னொரு காரிலிருந்து கழன்று வந்த சக்கரம் தலையில் பட்டு இறந்தான், 18 வயசு. அந்தத் தகப்பனை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்கவில்லை. டிரைவர் தலைக்கு மேல் வளைந்து தலையைக் காக்கும் ஹேலோ என்ற சட்டம் ஃபார்முலா 1க்கே 2018இல்தான் வந்தது. நீ ஓட்டப்போகும் காரில் அது இருக்கிறதா, பெல்ட் எத்தனை வருஷப் பழசு என்று முதலில் கேள். கேட்க வெட்கப்படாதே.

அவசரமும் இல்லை. பைக் சாம்பியன் வாலன்டினோ ரோஸி 2006இலேயே ஃபெராரி ஃபார்முலா 1 காரை டெஸ்ட் பண்ணிப் பார்த்துவிட்டு பைக்குக்கே திரும்பினார், ரிட்டயர் ஆன பிறகு ஜிடி கார் (சாலை ஸ்போர்ட்ஸ் காரிலிருந்து உருவான ரேஸ் கார்) ஓட்டி 2023இல் இத்தாலியின் மிசானோ டிராக்கில் ஜெயித்தார்.

டெஸ்ட்டுக்கு ஆகும் பணம் நான் தருகிறேன், முழு சீசனுக்கு ஸ்பான்சர்தான் பார்க்கணும். கோயம்புத்தூர் செட்டிபாளையம் டிராக்கில் நாள் கிடைத்தால் சொல், நானும் வருகிறேன், அம்மாவிடம் நானே பேசிக்கொள்கிறேன். அப்புறம், பைக்கை இப்போதே விற்றுவிடாதே.

அப்பா