சேகருக்கு, தியோமானிலிருந்து வந்த கையோடு

அன்புள்ள சேகர்,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டுவதாக இருந்தால் இப்போதே திட்டி முடித்துவிடு. இங்கே எல்லாரும் சுகம், அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். குண்டு ரவியைத் தேக்கா சந்தையில் பார்த்தேன், அந்தப் பழைய வாளி கதையை ஆரம்பித்தான், மீன் வாங்காமலேயே ஓடி வந்துவிட்டேன்.

விஷயம் வேறு. போன வாரம் மலேசியாவின் தியோமான் தீவுக்குப் போய் ஸ்கூபா டைவிங் கற்றுக்கொண்டேன். சிரிக்காதே. நீச்சல் குளத்தில் ஏணியைப் பிடித்துக்கொண்டே கதை பேசுகிற ஆள்தான் நான், மறுக்கவில்லை. மகள்தான் இழுத்துப் போனாள், பள்ளி விடுமுறை. நவம்பர் வந்தால் மழைக்காற்றில் தீவே பாதி மூடிவிடும், அதனால் இப்போதே போகவேண்டும் என்றாள். ராத்திரி பஸ், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் வரிசை, விடியும்போது மெர்சிங் படகுத்துறை. அங்கே தண்ணீர் ஏறினால்தான் படகு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு மூன்று மணி நேரம் துறையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

ஆனால் ரெங்கிஸ் இருக்கிறதே சேகர்! தெக்கெக் கரைக்கு எதிரே ஒரு பாறைத் திட்டு, அவ்வளவுதான். காது அடைக்க அடைக்க மூக்கைப் பிடித்து ஊதிக்கொண்டே இறங்கினால், பவளத்துக்கு மேல் கறுப்பு முனைச் சுறா இரண்டு, நம்மைக் கண்டுகொள்ளாமல் போகின்றன. ஒரு ஆமை புல் மேய்கிற மாடு மாதிரி நிதானமாகக் கடித்துக்கொண்டிருந்தது. 12 மீட்டரில் என் சிவப்பு டீஷர்ட் பழுப்பாகிவிட்டது, தண்ணீர் முதலில் சிவப்பைத்தான் விழுங்குமாம். நம்ம சிங்கப்பூர் புலாவ் ஹந்து தீவில் இரண்டு மூன்று மீட்டர் தெரிந்தாலே அதிர்ஷ்டம் என்பார்கள், இங்கே மகள் எங்கோ தூரத்தில் கால் அடிப்பதுகூடத் தெரிந்தது.

சரி, இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன். உன்னைத் தவிர யாருக்கும் புரியாது, மெக்ரிச்சி நீர்த்தேக்க ஓட்டத்தில் என் இன்ஹேலரைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு ஓடியவன் நீதானே. முதல் நாள் உடல்நலத் தாள் ஒன்றைக் கொடுத்தார்கள். ஆஸ்துமா, மூச்சிரைப்பு உண்டா என்று ஒரு கேள்வி. உண்டு என்றால் டாக்டர் கையெழுத்து வேண்டும், பயணம் போச்சு. ஆறு மாதத்துக்கு முன் ராத்திரியில் பஃப் எடுத்தவன், கூசாமல் 'இல்லை' என்று குறித்தேன். பக்கத்தில் உட்கார்ந்து மகள் தன் தாளை ஒழுங்காக நிரப்பிக்கொண்டிருந்தாள்.

அதற்கு அரை மணி நேரம் கழித்துத்தான் பாடமே. 10 மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பு, அங்கே இழுத்த காற்று மேலே வந்தால் இரண்டு பங்காக விரியும், அதனால் மூச்சை ஒருபோதும் அடக்காதே என்றார் பயிற்சியாளர். ஆஸ்துமாவில் சுருங்கின மூச்சுக்குழாயில் காற்று மாட்டிக்கொண்டால் நான் அடக்கவே வேண்டியதில்லை, நுரையீரல் கிழிந்துவிடும். தெளிவாகப் புரிந்தது. அப்படியும் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாவது டைவில் நெஞ்சில் அந்தப் பழைய இறுக்கம். தொட்டியிலிருந்து வருகிற காற்று வறண்டு, சில்லென்று இருக்கும். கையை ஆட்டிக் காட்டினேன், பயிற்சியாளர் என் பட்டையைப் பிடித்து மெல்ல ஏற்றினார். 5 மீட்டரில் மூன்று நிமிடம் நிறுத்தினார் பார், அந்த மூன்று நிமிடம் நான் எண்ணாத சாமி இல்லை, முனீஸ்வரனுக்குப் பால்குடம்கூட நேர்ந்துகொண்டேன். படகில் ஏறியதும் என்ன ஆச்சு என்று கேட்டார். வயிறு சரியில்லை என்றேன். மறுபடியும் பொய்!

அறையில் பஃப் எடுக்கும்போது மகள் கதவருகே நின்றிருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் நான் கரையிலேயே இருந்தேன், அவள் மட்டும் போனாள், எனக்கு அன்று தண்ணீரைப் பார்த்தபடியே பொழுது போனது.

வியாழக்கிழமை மார்பு டாக்டரைப் பார்க்கிறேன், இந்தத் தடவை உள்ளதைச் சொல்லப்போகிறேன். மகள் வாயை அடைக்க ஒரு ஜோடி ஃபின், அதாவது காலில் மாட்டும் நீச்சல் துடுப்பு, வாங்கிக் கொடுத்தாகிவிட்டது. நீ பாட்டுக்கு அக்கறை பொங்கிக் கல்யாணிக்கு ஃபோன் போட்டுத் தொலைக்காதே. டாக்டர் சொன்னதை எழுதுகிறேன்.

உன்,
மணி