அந்த இரு அரசிகளையும் சந்திக்க வைக்காதீர்கள்

வரலாற்றுப் படங்களும் தொடர்களும் எடுக்கும் இயக்குநர்களுக்கும், அவற்றுக்குக் கதை எழுதுபவர்களுக்கும்,

வணக்கம். நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் பின்வரிசையிலிருந்து ஒரு பிள்ளையாவது கேட்கும்: "மிஸ், அவங்க ரெண்டு பேரும் நேருக்கு நேரா சண்டை போட்டாங்கல்ல?" எங்கே பார்த்தாய் என்று கேட்டால், படத்தில் என்று பதில் வரும்.

சண்டை போடவில்லை. பார்க்கவேயில்லை. எலிசபெத்தும் ஸ்காட்லாந்து அரசி மேரி ஸ்டூவர்ட்டும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தித்ததில்லை. 1562 கோடையில் வட இங்கிலாந்தில் சந்திப்பதாக ஏற்பாடு நடந்தது. பிரான்சில் மதப்போர் மூண்டதும் அது கைவிடப்பட்டது, அவ்வளவுதான். ஆனால் மேடை நாடகக் காலத்திலிருந்தே அவர்களை ஓர் அறைக்குள் தள்ளிக் கத்த வைப்பது வழக்கமாகிவிட்டது. அந்தக் காட்சியை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

அப்படி ஒரு காட்சி வந்ததும், இது அழகிலும் காதலிலும் போட்டி போட்ட இரண்டு பெண்களின் கதையாகச் சுருங்கிவிடுகிறது. போட்டி துளியும் இல்லை என்று நான் சொல்லவில்லை. 1564-இல் ஸ்காட்லாந்துத் தூதர் ஜேம்ஸ் மெல்வில்லிடம், யார் அழகு, யார் உயரம் என்றெல்லாம் எலிசபெத் கேட்டிருக்கிறார். மேரிதான் உயரம் என்றதும், அப்படியானால் அவர் அளவுக்கு மீறிய உயரம் என்றாராம். மெல்வில்லே எழுதிவைத்த செய்தி இது. ஆனால் பின்னாளில் எலிசபெத் மேரியைப் பத்தொன்பது ஆண்டுகள் அடைத்துவைத்தார். உயரத்துக்காக யாரும் அப்படிச் செய்வதில்லை.

எலிசபெத்துக்கு இருந்த பயத்தின் வேர் அவருடைய பிறப்பிலேயே இருந்தது. தாய் ஆன் பொலினுக்கு 1536-இல் மரண தண்டனை நிறைவேறியது. அதே ஆண்டில் நாடாளுமன்றம் மகளை முறையற்ற பிறப்பு என்று சட்டமே போட்டது. 1544-இல் இன்னொரு சட்டம் அவரை வாரிசு வரிசையில் மறுபடி சேர்த்தது. ஆனால் பிறப்பின் மேல் விழுந்த அந்தக் கறையை அது துடைக்கவில்லை. எட்டாம் ஹென்றியின் முதல் திருமணம் முறிந்ததாக ரோம் ஒருபோதும் ஒப்புக்கொண்டதில்லை. ஆகவே 1558 நவம்பரில் எலிசபெத் அரியணை ஏறியபோது, ஐரோப்பியக் கத்தோலிக்கர் பலரின் கணக்குப்படி நியாயமான அரசி வேறொருவர்: ஹென்றியின் அக்கா மார்கரெட்டின் பேத்தியான மேரி. எலிசபெத்துக்குப் பிறகு வரவேண்டியவர் என்று மட்டும் அவர்கள் நினைக்கவில்லை. அரியணை அன்றைக்கே மேரிக்கு உரியது என்று நம்பினார்கள். மேரிக்கு அப்போது பதினாறு வயதுகூட நிறையவில்லை. பிரான்சின் பட்டத்து இளவரசனுக்கு மனைவியாக இருந்தார். மாமனார் இரண்டாம் ஹென்றி அவருடைய அரசச் சின்னத்தில் இங்கிலாந்தின் சின்னத்தையும் சேர்க்கச் செய்தார். அந்த உரிமையைக் கைவிடச் சொன்ன 1560 எடின்பரோ உடன்படிக்கைக்கு மேரி கடைசிவரை ஒப்புதல் தரவில்லை.

இதைப் புரியவைத்தாலே பாதிக் கதை சொன்னதாகிவிடும். அப்புறம் 1562 அக்டோபரில் எலிசபெத் பெரியம்மையில் சாகக் கிடந்ததைக் காட்டுங்கள். மணமாகாத அரசி, பெயர் சொல்லப்படாத வாரிசு, புராட்டஸ்டன்ட் மதத்துக்கு மாறி நான்கு வருடம்கூட ஆகாத நாடு. அவர் மூச்சு நின்றிருந்தால் மறுநாள் என்ன ஆகியிருக்கும்?

மேரியின் பக்கத்தையும் அதே அக்கறையோடு சொல்லவேண்டும். பிறந்த ஆறாம் நாளே அரசியானவர் அவர். கணவர் டார்ன்லி கொலையுண்டு, கொலையில் கைகாட்டப்பட்ட பாத்வெல்லை மூன்றே மாதத்தில் மணந்து, முடியைத் துறக்கும்படி கட்டாயப்படுத்தப்பட்டு, சிறையிலிருந்து தப்பி, லாங்சைடு போரில் தோற்று, 1568 மே 16 அன்று மீன்பிடிப் படகில் சால்வே கழிமுகத்தைக் கடந்து இங்கிலாந்தில் கரையேறினார். அப்போது வயது 25. உறவுக்காரி உதவுவாள் என்று நம்பி வந்தவர். நேரில் பார்க்க வேண்டும் என்று கடிதம் மேல் கடிதம் எழுதினார். கணவரின் கொலையில் பங்கில்லை என்று தெளிவாகும்வரை பார்க்க இயலாது என்று எலிசபெத் மறுத்துவிட்டார். அந்த மறுப்பு கடைசிவரை நீண்டது. திறக்காத அந்தக் கதவுதான் இந்தக் கதை. நீங்களோ முதல் வேலையாக அதைத் திறந்துவிடுகிறீர்கள்.

மோதல் முழுக்கக் காகிதத்தில் நடந்தது. 1570-இல் போப் ஐந்தாம் பயஸ் ஓர் ஆணையில் எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கி, குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை என்றார். அந்தத் தாளுக்குப் பிறகு ஒவ்வோர் ஆங்கிலக் கத்தோலிக்கரும், எவ்வளவு விசுவாசமாக இருந்தாலும், சந்தேகத்துக்கு உரியவரானார். 1584-இல் அரசியின் ஆலோசகர்கள் ஓர் உறுதிப் பத்திரம் தயாரித்தார்கள். அரசியின் உயிருக்கு யார் பொருட்டு ஆபத்து வந்தாலும், அரியணைக்கு உரிமை கோரும் அவரையும் கொல்வோம் என்று ஆயிரக்கணக்கானோர் அதில் கையெழுத்திட்டார்கள். கைதியாக இருந்த மேரியும் ஒப்பமிட்டார். அந்தக் கை பேனாவை எடுக்கும் நொடியை யாராவது படமாக்கினால் நான் முதல் நாளே போய்ப் பார்ப்பேன்.

1586-இல் மேரி அடைபட்டிருந்த சார்ட்லி மாளிகை. பீர் பீப்பாயின் அடைப்புக்குள் ஒளித்துவைத்த கடிதங்கள் உள்ளே போகின்றன, வெளியே வருகின்றன. ஒவ்வொன்றையும் எலிசபெத்தின் உளவு வேலைகளை நடத்திய அமைச்சர் வால்சிங்காமின் ஆள் தாமஸ் ஃபெலிப்ஸ் பிரித்துச் சங்கேதத்தை உடைத்துப் படிக்கிறார். எலிசபெத்தைக் கொல்லும் திட்டத்தைப் பாபிங்டன் என்ற இளைஞர் எழுத, ஜூலை 17 அன்று மேரி பதில் எழுதுகிறார். அதன் நகலின்மேல் ஃபெலிப்ஸ் ஒரு தூக்குமரம் வரைந்தார். கொல்லப்போகிற ஆறு பேரின் பெயரைக் கேட்கும் போலிப் பின்குறிப்பு ஒன்றையும் சேர்த்தார். மேரி குற்றவாளியா, வலையில் சிக்கவைக்கப்பட்டவரா? இரண்டும்தான் என்பது என் எண்ணம். அதைப் பார்வையாளரிடமே விடுங்கள்.

அந்தக் காகிதங்கள் இன்னும் பேசி முடிக்கவில்லை. பாரிஸ் தேசிய நூலகத்தில் இத்தாலிய ஆவணங்கள் என்று குறிக்கப்பட்டுக் கிடந்த சங்கேதக் கடிதங்களை ஜார்ஜ் லாஸ்ரி, நார்பர்ட் பியர்மன், சதோஷி டொமொகியோ ஆகிய மூவரும் படித்தெடுத்து 2023-இல் வெளியிட்டார்கள். 57 கடிதங்கள், 1578-லிருந்து 1584 வரை மேரி எழுதியவை. பெரும்பாலானவை பிரெஞ்சுத் தூதர் கஸ்டெல்னோவுக்கு. வசனம் வேண்டுமானால் அங்கே போய்த் தேடுங்கள்.

உச்சக்காட்சிக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். 1587 பிப்ரவரி முதல் தேதி, தன் செயலர் டேவிசன் கொண்டுவந்த மேரியின் மரண ஆணையில் எலிசபெத் கையெழுத்திட்டார். உடனே, ஆரவாரமில்லாமல் மேரியின் கதையை முடிக்க வழியுண்டா என்று காவலர் ஏமியஸ் பௌலட்டுக்கு எழுதச் செய்தார். பௌலட் மேரியை வெறுத்த கடும் புராட்டஸ்டன்ட். அவரே, சட்டத்தின் ஆணையில்லாமல் இரத்தம் சிந்த என் மனசாட்சி இடம் தராது என்று மறுத்துப் பதில் அனுப்பினார். ஆலோசகர்கள் அரசியிடம் சொல்லாமலே ஆணையை அனுப்பிவிட்டார்கள். பிப்ரவரி 8 அதிகாலை இரண்டு மணிக்கு, பிரெஞ்சு மன்னருக்குக் கடைசிக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார் மேரி. அன்று காலையே ஃபாதரிங்கே கோட்டையில் எல்லாம் முடிந்தது. செய்தி வந்ததும் எலிசபெத் அழுதார், கொதித்தார், டேவிசனை லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பினார்.

பௌலட்டின் கடிதத்தை எலிசபெத் படிக்கும் அறையில் கேமராவை வையுங்கள். மேரி அங்கே வரவேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியை